‘அந்த மருந்து எனக்கு ஒத்துக்காது’: ஆன்டிபயாட்டிக் ஒவ்வாமை பற்றிக் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டியவை

காய்ச்சலுக்கோ தொண்டை வலிக்கோ டாக்டரிடம் போனால் அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஏதாவது மருந்து அலர்ஜி இருக்கிறதா?" நம் குடும்பங்களில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்களே வருகின்றன. ஒன்று, "பெனிசிலின் ஒத்துக்காதுன்னு சின்ன வயசுல அம்மா சொல்வாங்க." எந்த வயதில், என்ன ஆயிற்று என்று கேட்டால் தெரியாது. மற்றொன்று, "ஒரு தடவை ஒரு வெள்ளை மாத்திரை போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு." அந்த மாத்திரையின் பெயர் தெரியாது.

இந்த இரண்டு பதில்களுமே ஆபத்தானவை. முதலாமவருக்கு ஒவ்வாமையே இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் நல்ல மருந்து ஒன்று வாழ்நாள் முழுவதும் அவருக்கு மறுக்கப்படுகிறது. இரண்டாமவருக்கு உண்மையிலேயே ஒவ்வாமை இருக்கலாம். பெயர் தெரியாததால் அதே மருந்து வேறொரு கம்பெனி அட்டையில் மறுபடியும் அவர் கைக்கு வந்து சேரலாம். ஆகவே மருந்து ஒவ்வாமை என்றால் என்ன, எது ஒவ்வாமை அல்ல, ஆபத்து நேரத்தில் என்ன செய்வது என்பதைக் குடும்பத்தில் ஒருவராவது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வாமை என்றால் என்ன?

நோய்க் கிருமிகளை எதிர்க்க நம் உடலில் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. அது சில வேளைகளில் தீங்கில்லாத ஒரு பொருளையும் எதிரியாக எண்ணிவிடும். அப்படி எண்ணிக்கொண்டு அது நடத்தும் தாக்குதலே ஒவ்வாமை. மருந்தில் தரக்குறைவு இருந்துதான் இது வர வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு உயிர் கொடுத்த அதே மருந்து நமக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இதில் பலர் அறியாத ஒரு விஷயம் உண்டு. ஒவ்வாமை பொதுவாக முதல் தடவையிலேயே வருவதில்லை. முதல் தடவை உடல் அந்த மருந்தை அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. அடுத்து வரும்போதுதான் தாக்குகிறது. 1901-02ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சு மருத்துவ அறிஞர் சார்ல் ரிஷே தன் சக ஆய்வாளர் போர்த்தியேவுடன் சேர்ந்து, கொட்டும் கடல் உயிரினங்களின் விஷத்தை ஆராய்ந்தார். சிறிதளவு விஷத்தைத் தாங்கிக்கொண்ட நாய்க்குச் சில வாரங்கள் கழித்து மீண்டும் சிறிதளவு செலுத்தியபோது, சில நிமிடங்களில் மூச்சுத் திணறி அது இறந்தது. இந்தக் கடும் எதிர்வினைக்கு அவர்கள் ‘அனாஃபிலாக்ஸிஸ்’ என்று பெயரிட்டார்கள். இந்த ஆய்வுக்காக ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை நம் கடற்கரையில் சொறிமீன் பட்டு அவதிப்பட்டவர்கள் உண்டு. அந்த வகை உயிரினங்களின் விஷத்திலிருந்துதான் இந்தப் பாடம் உலகத்துக்குக் கிடைத்தது.

"போன தடவை போட்டப்ப ஒண்ணும் ஆகலையே" என்பது இதனால்தான் போதுமான உத்தரவாதம் ஆகாது.

எவையெல்லாம் ஒவ்வாமை அல்ல?

நம் பேச்சு வழக்கில் ‘ஒத்துக்காது’ என்ற ஒரே சொல்லில் பலவற்றையும் அடக்கிவிடுகிறோம். அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

- ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதும் வயிற்றுப்போக்கு, குமட்டல், வாய்ப்புண் வருவது பக்க விளைவு. குடலில் உள்ள நல்ல கிருமிகளும் அழிவதால் வயிறு இளகுகிறது. இதைத்தான் பலர் ‘மருந்து சூடு’ என்கிறார்கள்.
- மெட்ரோனிடசோல் சாப்பிட்டால் வாயில் உலோகச் சுவை தெரியும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு சிவப்பாகப் போகும். இரண்டும் அந்த மருந்துகளின் இயல்பு.
- டாக்சிசைக்ளின் சாப்பிட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் முகமும் கைகளும் வெந்தது போலச் சிவக்கலாம். இது பெரும்பாலும் மருந்தும் வெயிலும் சேர்ந்து செய்வது. மீன்பிடித் தொழிலில் இருப்பவர்களும் கடற்கரையில் கடை வைத்திருப்பவர்களும் இந்த மருந்தை வாங்கும்போது தங்கள் தொழிலை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.
- ஊசியைக் கண்டதும் முகம் வெளுத்து, வியர்த்து மயங்கி விழுவது பயத்தால் வருவது. நாடித்துடிப்பு மெதுவாகும், படுக்க வைத்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். தடிப்போ மூச்சுத் திணறலோ இருக்காது.
- வைரஸ் காய்ச்சலில் குழந்தைகளுக்குச் செம்புள்ளிகள் வருவது சகஜம். அந்த நேரத்தில் அமாக்சிசிலின் சிரப்பும் கொடுத்திருந்தால் பழி மருந்தின் மேல் விழுந்துவிடுகிறது. ‘பெனிசிலின் அலர்ஜி’ என்ற பட்டம் பலருக்குச் சிறுவயதில் கிடைத்தது இப்படித்தான்.

இன்னொரு தவறான எண்ணமும் நம் பகுதியில் உண்டு. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆன்டிபயாட்டிக்கும் போடக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். இறால் ஒவ்வாமைக்கும் பெனிசிலின் ஒவ்வாமைக்கும் தொடர்பு இல்லை. அதேபோல், தந்தைக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காகப் பிள்ளைக்கும் அதை மறுக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் சொல்லி வைத்தால் போதும்.

உடனே வரும் ஒவ்வாமை

மருந்து உள்ளே சென்ற சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வருவது இது. ஊசியாக இருந்தால் இன்னும் வேகமாக வரும். தோலில் அரிப்புடன் தடிப்புகள், உதடு, கண் இமை, நாக்கு வீங்குவது, தொண்டை அடைப்பது, குரல் மாறுவது, மூச்சு இழுப்பு, திடீர் வாந்தி, வயிற்றுப் பிடிப்பு, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் ஆகியவை அறிகுறிகள்.

தடிப்பு மட்டும் வந்தால் அது லேசானது. தடிப்புடன் மூச்சுத் திணறலோ, மயக்கமோ, விடாத வாந்தியோ சேர்ந்தால் அது அனாஃபிலாக்ஸிஸ், உயிருக்கு ஆபத்து. சிலருக்குத் தோலில் எதுவுமே தெரியாமல் நேராக ரத்த அழுத்தம் விழுவதும் உண்டு.

1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டுபிடித்த பெனிசிலின், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. பெனிசிலினால் ஏற்பட்ட ஒவ்வாமை மரணம் 1949லேயே மருத்துவ ஏட்டில் பதிவாகிவிட்டது. ஆனாலும் இது அரிது. பெனிசிலின் எடுத்துக்கொள்ளும் பத்தாயிரம் பேரில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எல்லோரும் பயந்து ஒதுங்க வேண்டிய அளவுக்கு இது அடிக்கடி வருவதில்லை. ஆனால் மருந்தும் ஆளும் தயாராக இல்லாத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளும் அளவுக்கு அலட்சியமும் கூடாது.

நாள் கழித்து வருவது: செங்கல்பட்டு சொல்லும் பாடம்

இரண்டாவது வகை மெதுவாக வரும். மருந்து தொடங்கிச் சில நாட்கள் கழித்தோ சில வாரங்கள் கழித்தோ வருவதால், மருந்துதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது. இதைப் புரிந்துகொள்ள நம் மாவட்டத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருக்கும் மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தை நம்மில் பலர் அறிவோம். 1924இல் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையாகத் தொடங்கிய அதை 1955இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. அங்கே பணியாற்றிய டாக்டர் ராபர்ட் காக்ரேன், 1946இல் டாப்சோன் என்ற மருந்தைத் தொழுநோயாளிகளுக்கு ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை சரியான மருந்தே இல்லாத நோய் அது. நோயாளிகளைக் குடும்பம் ஒதுக்கியது, ஊர் ஒதுக்கியது. டாப்சோன் வந்த பிறகு நிலைமை மாறியது. பிறகு அது மாத்திரையாக உலகெங்கும் பரவி, 1980களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையிலும் ஓர் அங்கமாக இடம்பெற்றது. இன்றும் அந்த மருந்து அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

இத்தனை பேரைக் காப்பாற்றிய அந்த மருந்து சிலருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரை தொடங்கி நான்கு முதல் ஆறு வாரங்களில் காய்ச்சல், உடலெங்கும் சிவந்த தடிப்பு, கழுத்தில் நெறிகட்டுதல், கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலை என்று வரிசையாக வரும். 1951இல் இதற்கு ‘டாப்சோன் நோய்க்குறி’ என்ற பெயரே வந்துவிட்டது. டாப்சோன் சாப்பிடும் நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இது வரலாம். வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறந்திருக்கிறார்கள் என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. 2013இல் சீன நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், எச்.எல்.ஏ.-பி 13:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கே இந்த ஆபத்து பல மடங்கு அதிகம் என்று தெரியவந்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, ஒவ்வாமை சிலருக்கு வருகிறது என்பதற்காக யாரும் டாப்சோனைத் தூக்கி எறிந்துவிடவில்லை. யாருக்கு வருகிறது என்று பார்த்து, அவர்களுக்கு மட்டும் நிறுத்தி, மாற்று மருந்து கொடுத்தார்கள். இரண்டாவது, மருந்து தொடங்கி ஒரு மாதம் கழித்து வரும் காய்ச்சலும் அந்த மருந்தினால் வந்ததாக இருக்கலாம். ‘காய்ச்சலுக்கு இன்னொரு மாத்திரை’ என்று மேலும் மருந்தைச் சேர்க்காமல், ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தாமதமாக வருபவற்றில் நாம் கவனிக்க வேண்டிய மற்றவை:

- அமாக்சிசிலின் தொடங்கிச் சில நாட்கள் கழித்து, அரிப்பு அதிகமில்லாத செம்புள்ளிகள் வருவது பெரும்பாலும் லேசானது. டாக்டரிடம் காட்டினால் போதும்.
- உதட்டிலோ, கையிலோ, மர்ம உறுப்பிலோ ஒரே இடத்தில் வட்டமாகச் சிவந்து பிறகு கருப்புத் தழும்பாக மாறுவது. மறுபடி அதே மருந்து சாப்பிட்டால் அதே இடத்தில் வரும். கோ-டிரைமாக்சசோல், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், டினிடசோல், நார்ஃப்ளாக்சசின் போன்றவை இதற்குக் காரணமாகலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்ல வேண்டிய விஷயம் இது.
- வாய், கண், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் புண்கள் வந்து, தோல் கொப்பளித்து உரிவது. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி என்று இதற்குப் பெயர். பெரும்பாலும் மருந்து தொடங்கிய நான்கு நாட்கள் முதல் நான்கு வாரங்களுக்குள் வரும். சல்ஃபா வகை மருந்துகள் முக்கியக் காரணங்களில் ஒன்று. தீக்காயம் போலவே இதற்கும் பெரிய மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை தர வேண்டும். ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

பெயர் தெரிந்தால்தான் பாதுகாப்பு

அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் உண்மையான பெயர் அதன் அருகே சிறிய எழுத்தில் இருக்கும். ‘மாக்ஸ்’ என்பது அமாக்சிசிலின். ‘ஆக்மென்டின்’ என்பதிலும் அமாக்சிசிலின்தான் இருக்கிறது. கூடவே கிளாவுலானிக் அமிலம். இரண்டுமே பெனிசிலின் குடும்பம். ‘செப்ட்ரான்’ என்பது கோ-டிரைமாக்சசோல். அது சல்ஃபா குடும்பம். ‘அசித்ரால்’ என்பது அசித்ரோமைசின். அது வேறு குடும்பம். "எனக்கு மாக்ஸ் ஒத்துக்காது, ஆக்மென்டின் கொடுங்க" என்று கடையில் கேட்பவர் அறியாமலே அதே மருந்தைத்தான் வாங்குகிறார்.

செஃபாலெக்சின், செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற ‘செஃப்’ வகை மருந்துகள் பெனிசிலினுக்கு உறவு. பெனிசிலின் ஒவ்வாமை உள்ள பத்தில் ஒருவருக்கு இவையும் ஒத்துக்கொள்ளாது என்று முன்பு சொல்வார்கள். இப்போது அது நூற்றுக்கு இரண்டு அளவில்தான் என்று கணிக்கப்படுகிறது. அமாக்சிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் செஃபாலெக்சின், செஃபாட்ராக்சில் ஆகியவற்றில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எது சரி என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். கடைக்காரரோ நாமோ அல்ல. ஆன்டிபயாட்டிக் அட்டைகளில் சிவப்புக் கோடு போட்டிருப்பதன் பொருளும் அதுதான்: டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது.

தவறான பட்டம் தரும் இழப்பு

தங்களுக்குப் பெனிசிலின் ஒவ்வாமை என்று சொல்பவர்களை முறையாகப் பரிசோதித்தால், அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒவ்வாமை இல்லை என்று மேலை நாடுகளில் நடந்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. உண்மையாகவே ஒவ்வாமை இருந்தவர்களிலும் சுமார் 80 சதவீதம் பேருக்குப் பத்து ஆண்டுகளில் அது மறைந்துவிடுகிறது.

‘சும்மா ஒதுக்கி வைத்தால் என்ன நஷ்டம்?’ என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. வாத காய்ச்சலால் இதய வால்வு பாதித்த பிள்ளைகளுக்கு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பல ஆண்டுகள் போடும் ஊசி பெனிசிலின்தான். கர்ப்பிணிக்குச் சிபிலிஸ் நோய் இருந்தால் வயிற்றுக் குழந்தையைக் காக்க நம்பத்தகுந்த மருந்தும் அதுவே. பெனிசிலினை விட்டு வேறு மருந்துக்குப் போனால் செலவு கூடும். பல வேளைகளில் குணமும் குறையும். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகும்.

ஆகவே சிறுவயதுப் பட்டத்தை அப்படியே சுமந்து திரியாமல், உடல் நன்றாக இருக்கும்போது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய் அல்லது பொது மருத்துவப் பிரிவில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வீட்டில் நாமாகவே ஒரு மாத்திரையைப் போட்டுப் ‘பார்ப்பது’ கூடவே கூடாது. முன்பு மூச்சுத் திணறலோ, தோல் உரிதலோ வந்தவர்கள் இந்தச் சோதனையை நினைக்கவும் வேண்டாம்.

ஊசிக்கு முன் கையில் சிறிதளவு குத்திப் பார்க்கும் ‘டெஸ்ட் டோஸ்’ பற்றியும் ஒரு சொல். அதில் ஒன்றும் ஆகவில்லை என்பது முழு உத்தரவாதம் அல்ல. ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பதும், அந்த இடத்தில் அட்ரினலின் மருந்து இருப்பதும்தான் உண்மையான பாதுகாப்பு. வீட்டுக்கு ஆளை வரவழைத்து ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

ஆபத்து நேரத்தில் செய்ய வேண்டியவை

1. மருந்தை உடனே நிறுத்துங்கள். 108க்கு அழைத்து, ‘மருந்து அலர்ஜி, மூச்சு விட முடியவில்லை’ என்று தெளிவாகச் சொல்லுங்கள்.
2. நோயாளியைத் தட்டையாகப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறல் அதிகமென்றால் சாய்ந்து உட்கார வைக்கலாம். கர்ப்பிணியை இடது பக்கமாகப் படுக்க வையுங்கள். வாந்தி எடுப்பவரையும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
3. எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். திடீரென எழுந்து நின்றதால் உயிர் போனவர்கள் உண்டு.
4. வாயில் தண்ணீர், சோடா, கஷாயம் எதுவும் ஊற்ற வேண்டாம்.
5. அவில், செட்ரிசின் போன்றவை அரிப்பைக் குறைக்கும், உயிரைக் காக்காது. உயிர் காக்கும் மருந்து தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி.
6. அந்த ஊசி எங்கே சீக்கிரம் கிடைக்குமோ அங்கே முதலில் போங்கள். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பெரிய ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும் என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போகாதீர்கள். அட்ரினலின் அங்கே இருக்க வேண்டிய அடிப்படை மருந்து. முதல் ஊசி அங்கே, மேல் சிகிச்சை பெரிய மருத்துவமனையில் என்பதே சரியான வரிசை.
7. தெளிந்துவிட்டது என்று உடனே வீடு திரும்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் தாக்குவது உண்டு. டாக்டர் சொல்லும் வரை கண்காணிப்பில் இருங்கள்.

நோன்பாளிகளும் பயணிகளும்

ரமளானில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் ‘நோன்பு முறிந்துவிடுமே’ என்று ஊசிக்கோ குளுக்கோஸுக்கோ தயங்கக் கூடாது. நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கத்தில் அனுமதி உண்டு. உயிர் ஆபத்தில் இருக்கும்போது சிகிச்சையே முதல் கடமை. மற்றபடி, ஒரு நாளைக்கு மூன்று வேளை ஆன்டிபயாட்டிக்கை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் நாமாகச் சுருக்கிக்கொள்ளக் கூடாது. நோன்பு இருக்கிறேன் என்று சொன்னால், இரு வேளை மருந்தாக மாற்ற முடியுமா என்று டாக்டர் பார்ப்பார்.

உம்ரா, ஹஜ் செல்வோர் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் பொட்டலம் கட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. கூட வந்தவர் அன்போடு தரும் மாத்திரையை வாங்கி விழுங்குவதும் நடக்கிறது. அவருக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதில்லை. அலர்ஜி விவரத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அரபியிலும் எழுதி வையுங்கள்.

ஒரு அட்டை போதும்

மருந்து ஒத்துக்கொள்ளாமல் போன ஒவ்வொருவருக்கும் ஆதார் அட்டை அளவில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- மருந்தின் உண்மையான பெயர், கம்பெனிப் பெயர்
- எதற்காகக் கொடுக்கப்பட்டது; மாத்திரையா, ஊசியா
- சாப்பிட்ட எவ்வளவு நேரத்தில் அல்லது எத்தனையாவது நாளில் தொடங்கியது
- என்னென்ன வந்தது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்ததா
- தேதி, மாதம், ஆண்டு
- அதன் பிறகு பிரச்சினையின்றிச் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்குகள்

தடிப்பு இருக்கும்போதே கைப்பேசியில் படம் எடுங்கள். காலி அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். பிற்காலத்தில் டாக்டருக்கு இவை பெரிய உதவி.

மருந்தால் வந்த பாதிப்பைப் பொதுமக்களே அரசுக்குத் தெரிவிக்கவும் வழி இருக்கிறது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கப்பட்டது. காஸியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதை நடத்துகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் அலுவலக நேரத்தில் பேசலாம். டாப்சோனின் ஆபத்து தெரியவந்ததும் இப்படி ஒவ்வொரு நோயாளியாகக் குறித்து வைத்ததால்தான்.

பள்ளிவாசல்களில் மருத்துவ முகாம் நடத்தும் ஜமாஅத்தினர், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் அதே சீட்டில் ‘மருந்து ஒவ்வாமை’ என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வரியைப் பெண்களிடமும் கேட்டு நிரப்ப வேண்டும். வீட்டில் யாருக்கு எப்போது என்ன ஒத்துக்கொள்ளவில்லை என்ற நினைவு பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கிறது. அந்த நினைவு பாட்டியோடு போய்விடாமல் இன்றே ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள்.